மலையைப் பார்த்த மடிப்புக் கதவு: செங்கோட்டைச் சாரலையும் மேற்கு வெயிலையும் தாங்கும்படி அமைப்பது எப்படி?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் வீடு கட்ட வருகிறவர்களில் பலர் வரைபடத்தைக் கையில் எடுக்குமுன்பே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். "மேற்கே மலை தெரியணும். சுவரே வேண்டாம், ஹால் முழுக்கக் கண்ணாடிக் கதவா மடக்குற மாதிரி வச்சிருவோம்." நியாயமான ஆசைதான். மழை விட்ட ஆனி மாதக் காலையில் மேகம் இறங்கி நிற்கும் அந்த மலையை ஒருநாள் பார்த்தவருக்கு ஜன்னலளவு காட்சி போதாது.

சிக்கல் என்னவென்றால், மலை இருக்கும் அதே திசையிலிருந்துதான் ஆரியங்காவுக் கணவாய்க் காற்றும் வருகிறது, சாரலும் வருகிறது, பிற்பகல் வெயிலும் வருகிறது. மூன்றையும் ஒரே கதவு தாங்க வேண்டும்.

நான் முன்னின்று போட்ட முதல் மடிப்புக் கதவு புளியரையில் என் அக்கா வீட்டில். உள்ளேயும் வெளியேயும் தரை ஒரே மட்டமாக, கால் தடுக்காமல் இருக்க வேண்டும் என்று விரும்பினோம், அப்படியே போட்டோம். சாரல் தொடங்கிய முதல் வாரத்தில் விடியற்காலை அக்காவிடமிருந்து போன். "ஏல, கதவ பூட்டித்தான போட்ருக்கேன், தண்ணி எப்பிடில உள்ள வந்துச்சு?" போய்ப் பார்த்தால் ஹாலில் பாதி தூரம் ஈரம். ரப்பர் கிழியவில்லை, கண்ணாடி உடையவில்லை, பூட்டும் சரியாக விழுந்திருந்தது. தவறு முழுக்கக் கீழ்நிலையில், அதாவது கதவுக்கு அடியில் தரையோடு பதியும் சட்டத்தில். அந்தக் காலையில் கற்கத் தொடங்கியதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். காசையும் கவனத்தையும் முதலில் கீழ்நிலைக்கும் வெயில் தடுப்புக்கும் கொடுங்கள்; மற்றதெல்லாம் பிறகு.

தென்காசி முதல் புனலூர் வரை உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதினாலும், கம்பம்–குமுளி, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பொள்ளாச்சிப் பக்கம், ஆரல்வாய்மொழி என்று காற்று வாய் திறக்கும் எந்த இடத்துக்கும் இதே கணக்குதான்.

முதல் படி: சாரல் எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெருமழையைவிடச் சாரல் சாது என்று நினைக்கிறோம். கதவைப் பொறுத்தவரை நேர் எதிர். அரை மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துளி விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தில் கீழே இறங்குகிறது. 2 மி.மீ. அளவுள்ள பெருந்துளி 6.5 மீட்டர் வேகத்தில் விழுகிறது. காற்று விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூலையில் இது இங்கே பெரிய காற்றில்லை. பெருந்துளி சாய்ந்து விழும். சிறு துளியோ 1 மீட்டர் இறங்குவதற்குள் 5 மீட்டர் பக்கவாட்டில் ஓடிவிடும். கிட்டத்தட்டக் கிடைமட்டமாகவே வருகிறது.

ஒன்றரை மீட்டர் நீளத்துக்குக் கூரையை முன்னே இழுத்தால் என்ன ஆகும்? பெருமழையில் கதவின் மேல் 1 மீட்டர் நனையாது. சாரலில் மேலே 30 சென்டிமீட்டர்தான் நனையாது. கீழே மீதிக் கதவு முழுக்கக் காற்றோடு மோதும் தண்ணீர். "மேல சன்ஷேடு பெருசா இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிறவர்கள் பெருமழையை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள்.

கணவாயைத் தாண்டிக் கேரளப் பக்கம் போனால் நிலைமை மாறும். தென்மலை, புனலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் மழையின் அளவு மிக அதிகம், துளியும் பெரிது. அங்கே வடிகால்தான் முதல் கவலை, இங்கே காற்றழுத்தம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கிழக்கிலிருந்து வரும் என்பதையும் மறக்க வேண்டாம். கிழக்கில் கதவு வைத்துவிட்டால் தப்பித்தோம் என்று இருக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கதவு விற்பவரைக் கூப்பிடும் முன், ஆனி, ஆடியில் ஒரு நாள் காலி மனையில் நின்று பாருங்கள். எந்தப் பக்கச் சட்டை நனைகிறது? அக்கம்பக்கத்துப் பழைய வீடுகளில் எந்தச் சுவரில் பாசி ஏறியிருக்கிறது? அதுதான் உங்கள் கதவு சந்திக்கப்போகும் வானிலை.

இரண்டாம் படி: சோதனைச் சான்றை மில்லிமீட்டரில் படியுங்கள்

நல்ல மடிப்புக் கதவு அமைப்புகளுக்குச் சோதனைக்கூடச் சான்று இருக்கும். பெரும்பாலும் ஐரோப்பியத் தரம்: தண்ணீருக்கு இ.என். 12208, காற்றுக் கசிவுக்கு இ.என். 12207, காற்றின் தள்ளுவிசைக்கு இ.என். 12210. அமெரிக்க முறையில் வந்தால் ஏ.எஸ்.டி.எம். இ331, இ283, இ330. "வெதர் ப்ரூஃப்" என்று அட்டையில் அச்சடித்திருப்பதால் எந்தப் பயனும் இல்லை. எந்தத் தரத்தில், எந்த வகுப்பு என்று கேளுங்கள்.

தண்ணீர் வகுப்புகள் இப்படிப் போகும்: 4ஏ என்றால் 150 பாஸ்கல் அழுத்தம் வரை தண்ணீர் உள்ளே வரவில்லை. 6ஏ என்றால் 250, 7ஏ 300, 8ஏ 450, 9ஏ 600 பாஸ்கல். இந்த எண்கள் யாருக்கும் மனத்தில் நிற்பதில்லை. நான் இரண்டு விதமாக மாற்றிச் சொல்வேன்.

ஒன்று, காற்றின் வேகம். நம் நாட்டின் காற்றுச்சுமை விதியான ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தின் சூத்திரம் எளிது: விநாடிக்கு மீட்டரில் எடுத்த வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் பாஸ்கலில் அழுத்தம். அதன்படி 150 பாஸ்கல் என்பது மணிக்குச் சுமார் 57 கி.மீ. காற்று. 300 பாஸ்கல் 80 கி.மீ. 600 பாஸ்கல் 114 கி.மீ.

இன்னொன்று, தண்ணீரின் உயரம். 1 மி.மீ. உயரத் தண்ணீர் ஏறத்தாழ 10 பாஸ்கல். ஆகவே 150 பாஸ்கல் காற்று, ட்ராக்கில் தேங்கும் தண்ணீரை 15 மி.மீ. உயரம் வரை தூக்கி நிறுத்தும். 300 பாஸ்கல் 30 மி.மீ. தூக்கும். அக்கா வீட்டுக் கதவில் என்ன நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. கீழ்நிலையின் உள்பக்க விளிம்பு அங்கே 8 மி.மீ.தான் எழும்பியிருந்தது. இரவுக் காற்று வெறும் 80 பாஸ்கலுக்கு மேல் அழுத்தியதும், அதாவது மணிக்கு 42 கி.மீ. தாண்டியதும், தண்ணீர் அந்த விளிம்பை ஏறிக் கடந்துவிட்டது.

சாரல் திசையைப் பார்த்த கதவுக்கு 6ஏ-க்குக் குறையாமல் கேளுங்கள்; திறந்தவெளியில், மேட்டில் தனியாக நிற்கும் வீடென்றால் 8ஏ. ஒரு எச்சரிக்கை: ஒரே கதவுக்கு இரண்டு சான்று இருக்கும். உயர்ந்த விளிம்புள்ள கீழ்நிலைக்கு ஒன்று, தரைமட்டக் கீழ்நிலைக்கு ஒன்று. விற்பவர் முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதை மாட்டுவார். எந்தக் கீழ்நிலைக்கு இந்தச் சான்று என்று எழுதி வாங்குங்கள்.

தள்ளுவிசையையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் அந்த விதிநூல் தரும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். அதை அப்படியே சூத்திரத்தில் வைத்தால் சுமார் 910 பாஸ்கல். 3.6 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரக் கதவின் மேல் இது ஏறத்தாழ 800 கிலோ எடை சாய்ந்து நிற்பதற்குச் சமம். வீட்டின் உயரம், நிலத்தின் அமைப்பு, மூலைப் பகுதி என்று பொறியாளர் போடும் திருத்தங்கள் தனி. சட்டம் எவ்வளவு வளையலாம் என்பதற்கு இ.என். 12210-ல் ஏ, பி, சி என்று மூன்று நிலை. சி என்றால் உயரத்தில் 300-ல் ஒரு பங்குக்கு மேல் வளையாது. 2.4 மீட்டருக்கு 8 மி.மீ. இரட்டைக் கண்ணாடி போடுவதாக இருந்தால் சி-யையே கேளுங்கள். சட்டம் அதிகம் வளைந்தால் கண்ணாடி விளிம்பின் ஒட்டு விட்டுப்போகும்.

மூன்றாம் படி: கீழ்நிலை

இந்தப் பகுதிக்கு மட்டும் நேரம் கொடுத்து, கொத்தனாரையும் அலுமினியம் வேலைக்காரரையும் ஒரே நாளில் இடத்துக்கு வரச் சொல்லிப் பேசுங்கள். இருவரும் தனித்தனியாக வந்து தனித்தனியாகப் போவதால்தான் பாதிக் கதவுகள் ஒழுகுகின்றன. தரைக்காரர் மட்டம் வைத்துவிட்டுப் போவார். கதவுக்காரர் வந்து இருக்கிற மட்டத்தில் ட்ராக்கை வைப்பார்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர். மழை தெரிந்தவர்கள் கட்டிய பழைய வீடுகளில் ஓட்டுச் சார்ப்பு நெஞ்சுயரத்துக்குத் தாழ்ந்து வரும், வாசலில் நிலைப்படி எழும்பி நிற்கும். குனிந்து, காலைத் தூக்கி உள்ளே போக வேண்டும். நாம் இரண்டையும் விட்டுவிட்டு நேராக நடந்து போக ஆசைப்படுகிறோம். ஆசைப்படலாம், ஆனால் படி செய்த வேலையை வேறொன்று செய்தாக வேண்டும்.

வெளித்தரையிலிருந்து தொடங்குவோம். கீழ்நிலை உட்காரும் இடத்தைவிட வெளித்தரையின் முடிந்த மட்டம் குறைந்தது 50 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். அங்கிருந்து வெளிநோக்கி மீட்டருக்கு 12 முதல் 15 மி.மீ. சரிவு. தரைமட்டம் ஒன்றாகவே வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் கதவை ஒட்டி, கதவின் முழு அகலத்துக்கும், மேலே சல்லடை மூடி போட்ட வாய்க்கால் வெட்ட வேண்டும். அந்த வாய்க்காலின் தண்ணீர் போக ஒரு குழாய் வேண்டும். அதைச் சுத்தம் செய்யக் கை நுழைய வேண்டும். இது இல்லாத தரைமட்டக் கதவை மேற்கு முகத்தில் நான் இப்போது போடுவதில்லை.

அடுத்து, கீழ்நிலைக்கு அடியில் ஒரு தட்டு. துருப்பிடிக்காத எஃகுத் தகட்டிலோ அலுமினியத் தகட்டிலோ, கதவின் முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக மடக்கிச் செய்ய வேண்டும். உள்பக்கம் 25 முதல் 30 மி.மீ. எழும்பி நிற்க வேண்டும், இரண்டு முனைகளும் மேலே மடங்கி மூலை அடைபட்டிருக்க வேண்டும், முன்பக்கம் திறந்து வெளியே வழிய வேண்டும். ட்ராக்கைத் தாண்டி எது கசிந்தாலும் இந்தத் தட்டில் விழுந்து வெளியே போய்விடும். இரண்டு முனைகளை மடக்காமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் குறை. தண்ணீர் நிலையின் ஓரம் வழியே சுவருக்குள் இறங்கி, ஆறு மாதம் கழித்து உள்சுவரில் சுண்ணாம்பு பொரிந்து உதிரும். தட்டின் அடியில் ஸ்க்ரூ போட நேர்ந்தால், ஒவ்வொரு ஓட்டையிலும் சீலன்ட் நிரப்பிய பிறகே ஸ்க்ரூ இறங்க வேண்டும். தட்டுக்கும் கீழே, டைல்ஸ் போடுமுன், நீர்த்தடுப்புப் பூச்சு. இரண்டு பக்கச் சுவரிலும் ஒரு அடி உயரத்துக்கு ஏற்றிப் பூசுங்கள்.

இனி கதவின் கீழ்ச்சட்டமே. நல்ல அமைப்பில் இரண்டு ரப்பர் வரிசை இருக்கும். வெளி ரப்பர் மழையின் வேகத்தை மறிக்கும். உள் ரப்பர் காற்றை அடைக்கும். நடுவில் ஒரு அறை. அதன் அடியில் வெளியே திறக்கும் வடிதுளைகள். அந்தத் துளைகள் வழியே வெளிக்காற்றின் அழுத்தம் நடு அறைக்குள்ளும் வந்துவிடுவதால், அறையும் வெளியும் சமமாகின்றன. தண்ணீரை உள்ளே தள்ள விசை இல்லை, அது தன் எடையால் வடிந்து போய்விடுகிறது. இந்த ஏற்பாடு முழுவதும் உள் ரப்பரை நம்பி நிற்கிறது. உள் ரப்பரில் ஓர் இடம் விட்டுப்போனால், அந்த வழியே காற்று பாய, பின்னாலேயே தண்ணீரும் ஏறி வரும். வடிதுளையில் தண்ணீர் குமிழி விடுவதைப் பார்த்துவிட்டு, "இங்கேயிருந்துதான் வருது" என்று அந்தத் துளையையே சிலிக்கான் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைத்த அடுத்த மழையில் தண்ணீர் போக ஒரே வழிதான் மிஞ்சும், அது உங்கள் ஹால். துளையை ஒருபோதும் அடைக்காதீர்கள். மேலே காற்றுத் தடுப்பு மூடி வாங்கிப் போடுங்கள், உள் ரப்பரின் மூலைகளைத் தேடிப் பாருங்கள்.

நான்காம் படி: எந்தப் பக்கம் மடிய வேண்டும், எத்தனை பேனல்

வெளிப்பக்கம் மடியும் கதவையே சாரல் முகத்துக்குச் சொல்வேன். காற்று அடிக்க அடிக்கப் பேனல் தன் ரப்பர் மேல் இன்னும் இறுக அழுந்தும். உள்பக்கம் மடியும் கதவில் அதே காற்று பேனலை ரப்பரிலிருந்து பிரிக்கப் பார்க்கும். வெளியே மடிவதில் ஒரு சங்கடம் உண்டு: திறந்து வைத்திருக்கும்போது திடீர்க் காற்று வந்தால் பேனல்கள் அடித்துக்கொள்ளும். மடித்த பேனல்களைச் சுவரோடு பிடித்து வைக்கும் கொக்கியோ காந்தப் பிடியோ கட்டாயம்.

நாலு பேனல் போடுவதாக இருந்தால் இரண்டு இரண்டாகப் பிரிக்காமல் மூன்றும் ஒன்றுமாக வையுங்கள். தனியாக நிற்கும் அந்த ஒற்றைப் பேனல் சாதாரணக் கதவு போல் திறக்கும். ஆடி மாதம் முழுக்க உங்களுக்குப் பயன்படப்போவது அந்த ஒன்றுதான்.

பேனல் கூடக் கூட இணைப்பும் கூடும். மேலே சொன்ன அளவில் நாலு பேனல் மடிப்புக் கதவில் ரப்பர் ஓடும் இணைப்பு 19 மீட்டருக்கு மேல். இரண்டு பேனல் ஸ்லைடிங் கதவில் 14 மீட்டர் சொச்சம். ஆனால் ஸ்லைடிங்கில் பெரும்பாலும் உரசி நகரும் பிரஷ்தான் இருக்கும், மடிப்புக் கதவில் ரப்பர் அழுந்தி மூடும். ஆகவே நல்ல மடிப்புக் கதவு மலிவான ஸ்லைடிங்கைவிடக் காற்றை நன்றாக அடைக்கும். மலிவான மடிப்புக் கதவு இரண்டையும்விட மோசம். செலவு கட்டுப்படாதென்றால் நல்ல ஸ்லைடிங் வாங்குங்கள் என்றே வருகிறவர்களிடம் சொல்கிறேன்; இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: வெப்பக் கணக்கு

எந்தக் கதவு விற்பனையாளரும் முதலில் காட்டும் எண் யூ-வேல்யூ. உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வேறுபட்டால் ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கும் என்பது அது. ஒற்றை 6 மி.மீ. கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.7; நடுவே 12 மி.மீ. காற்றிடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடிக்கு 2.8. பாதியாகக் குறைகிறதே என்று மலைத்துவிடுவோம். இந்த எண் குளிர் நாட்டுக்குப் பிறந்தது. அங்கே உள்ளே 20 டிகிரி, வெளியே பூஜ்யம். இங்கே ஏ.சி. ஓடினாலும் உள்ளுக்கும் வெளிக்கும் 8, 10 டிகிரிதான் வேறுபாடு.

நாம் பார்க்க வேண்டிய எண் எஸ்.எச்.ஜி.சி. கண்ணாடியில் படும் வெயில் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே நுழைகிறது என்பது. சாதாரண 6 மி.மீ. தெளிவுக் கண்ணாடிக்கு 0.82 அளவில் இருக்கும். வெயில் தடுப்புப் பூச்சுள்ள நல்ல கண்ணாடியில் 0.25 முதல் 0.35.

கணக்குப் போடுவோம். நம் கதவில் சட்டம் போக 7 சதுர மீட்டர் கண்ணாடி. மேற்கு முகத்தில் மாலை நாலு மணிக்குச் சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் படுவதாகக் கொள்வோம். தெளிவுக் கண்ணாடியில் உள்ளே வருவது சுமார் 2,870 வாட். ஒரு டன் ஏ.சி. நீக்கக்கூடிய வெப்பம் 3,500 வாட். ஒரு கதவே முக்கால் டன்னுக்கு மேல் தின்றுவிடுகிறது. எஸ்.எச்.ஜி.சி. 0.30 கண்ணாடியில் அது 1,050 வாட். மிச்சம் 1,800 வாட்டுக்கு மேல். அதே கதவில், ஒற்றைக் கண்ணாடியை இரட்டையாக்கி யூ-வேல்யூவைப் பாதியாக்கினால், 8 டிகிரி வேறுபாட்டில் கிடைக்கும் மிச்சம் 160 வாட் சொச்சம். பதினொரு மடங்கு வித்தியாசம்! பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் எதில் போட வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது. ஒற்றைக் கண்ணாடியில் போடத்தக்க பூச்சா, இரட்டைக் கண்ணாடிக்குள் மட்டுமே வைக்கத்தக்க பூச்சா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது வகையை வெளிக்காற்றில் விட்டால் பூச்சு கெட்டுவிடும்.

எஸ்.எச்.ஜி.சி. குறைய வேண்டுமென்று கண்ணாடியைக் கறுப்பாக்கிவிட்டால் மலை போய்விடும். எதற்காகக் கதவு வைத்தோமோ அதுவே போகும். கண்ணாடி வழியே வரும் ஒளியின் பங்கையும் சேர்த்துக் கேளுங்கள், வெப்பத்தை 0.30-க்கு அடக்கி, ஒளியை 0.50 அளவுக்கு விடும் பூச்சுகள் கிடைக்கின்றன. வீடுகளுக்கென்று 2018-ல் மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பி.இ.இ. வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதை என்ற கட்டட விதிநூல், சுவரில் ஜன்னலின் பங்கு 30 சதவீதத்துக்குள் உள்ள வீட்டுக்குக் குறைந்தபட்ச ஒளியை 0.27 என்று வைத்திருக்கிறது. அதற்குக் கீழே போகவே வேண்டாம்.

வெயிலை வெளியிலேயே நிறுத்துவது எல்லாவற்றையும்விட மேல். உள்ளே தொங்கும் திரை வெயிலை மறைக்கும், ஆனால் வெப்பம் அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும். எந்தத் திசைக்கு எது உதவும் என்பது சூரியனின் உயரத்தைப் பொறுத்தது. செங்கோட்டை 9 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், வடக்கு முகக் கதவுக்கு ஜூன் மாத நண்பகலில்கூட 60 செ.மீ. சன்ஷேடு போதும். தெற்கு முகத்துக்கு டிசம்பரில் 2.4 மீட்டர் கதவு முழுதும் நிழலில் இருக்க ஒன்றரை மீட்டர் வேண்டும். மேற்கில் மாலை நாலு மணி வாக்கில் சூரியன் அடிவானிலிருந்து 30 டிகிரியில் நிற்கும். நிழலுக்கு 4 மீட்டருக்கு மேல் கூரை நீள வேண்டும், அது ஆகாது. மேற்குக்கு நேர்நிமிர்ந்த மறைப்புதான் வழி.

இங்கேதான் பழைய தாழ்வாரம் திரும்ப வருகிறது. கதவு வெளியே மடிய 90 செ.மீ. இடம் வேண்டும். அதற்கு வெளியே ஒன்றரை மீட்டர் தள்ளித் தாழ்வாரத்தின் ஓரத்தில் மூங்கில் தட்டியைச் சுருட்டி இறக்கும்படி கட்டிவிடுங்கள். பங்குனி, சித்திரையில் பிற்பகல் வெயிலைத் தடுக்கும். ஆனி, ஆடியில் இறக்கிக் கட்டினால், கிடைமட்டமாக வரும் சாரலின் பெரும்பகுதியைக் கதவுக்கு முன்னாலேயே பிடித்துக்கொள்ளும். அக்கா வீட்டில் கடைசியில் இதைத்தான் செய்தோம், புதுக் கீழ்நிலையோடு சேர்த்து. கேரளத்திலேயே அதிக வெயில் பதிவாகும் ஊர்களில் ஒன்றான புனலூரில் வீடு வைத்திருப்பவர்கள் இந்தத் தட்டியை ஆடம்பரமாக நினைக்க வேண்டாம்.

மின்சாரச் சேமிப்பில் இன்னொரு பாதி, கதவைத் திறந்து வைப்பதில் இருக்கிறது. மடிப்புக் கதவின் உண்மையான பலமே அதுதான். முழு அகலத்தில் 90 சதவீதம் திறக்கும். இரண்டு பேனல் ஸ்லைடிங் பாதிதான். நம்மைப் போன்ற வெக்கையும் ஈரமும் சேர்ந்த பகுதியில் வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கும் வாயாக இருக்க வேண்டும் என்கிறது அதே சம்ஹிதை. 100 சதுர மீட்டர் வீட்டுக்குத் தேவையான 16.7 சதுர மீட்டரில், இந்த ஒரு கதவே 7.8-ஐத் தந்துவிடும். ஆனால் எதிர்ச்சுவரில் காற்று வெளியேற வழியில்லையென்றால் எவ்வளவு பெரிய கதவும் காற்றை உள்ளே கூப்பிடாது. கொசுவலையையும் கதவோடு சேர்த்தே வரையுங்கள். மடிப்பு மடிப்பாகச் சுருங்கும் ப்ளீட்டட் வலை இதற்குப் பொருந்தும். வலை இல்லாத வீட்டில் மாலை ஆறு மணிக்கே கதவைச் சாத்தி ஏ.சி. போடுகிறார்கள், மலைக்காற்று வெளியே வீணாய்ப் போகிறது.

ஆறாம் படி: சட்டமும் எடையும்

அலுமினியம் வெப்பத்தை வேகமாகக் கடத்தும். நடுவில் பாலிஅமைடு பட்டை வைத்துப் பிரித்த சட்டம் அதைத் தடுக்கும். இரவு பகல் ஏ.சி. ஓடும் அறைக்கு வாங்கலாம். திறந்தே கிடக்கும் ஹாலுக்கு அந்தக் காசைக் கண்ணாடிப் பூச்சிலும் தட்டியிலும் போடுங்கள். பவுடர் கோட்டிங் 60 மைக்ரானுக்குக் குறையாமல் இருக்கட்டும். கன்னியாகுமரிக் கடலோரம் என்றால் ஸ்க்ரூ, ரோலர் எல்லாம் 316 தர எஃகு. இங்கே 304 போதும்.

எடையை மறந்துவிடாதீர்கள். கண்ணாடி ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிப்புக்கும் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 6 மி.மீ. இரட்டைக் கண்ணாடி 90 செ.மீ. அகலப் பேனலில் 65 கிலோ, சட்டம் தனி. மேலே தொங்கும் அமைப்பென்றால் மூன்று பேனலும் ஒரு ஓரத்தில் மடிந்து நிற்கும்போது முழு எடையும் லிண்டலின், அதாவது கதவுக்கு மேலே உள்ள கான்கிரீட் உத்தரத்தின், ஒரு முனையில். லிண்டல் கொஞ்சம் தொய்ந்தாலே பேனல் கீழே உரசும், கீழ் ரப்பர் ஒருபுறம் நசுங்கி மறுபுறம் இடைவெளி விடும். கதவின் எடையைக் கம்பி கட்டும் முன்பே பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே கட்டி முடித்த வீடென்றால் கீழே உருளும் அமைப்பை எடுங்கள். கண்ணாடி டஃபன்ட் ஆக (சூடாக்கி உறுதியாக்கியது), ஐ.எஸ். 2553 முத்திரையோடு இருக்க வேண்டும்.

ஏழாம் படி: மாட்டும் நாளும் சோதனையும்

பூச்சு வேலை முழுக்க முடிந்த பிறகே கதவு வரட்டும். ஈரச் சிமெண்ட் அலுமினியத்தை அரித்து வெள்ளைத் தழும்பு போடும். தவிர்க்க முடியாதென்றால் சட்டத்தின் டேப்பை உரிக்க விடாதீர்கள். மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் 2 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும். கீழ்நிலை நீளத்துக்கும் ரசமட்டம்.

பணம் தீர்க்கும் முன் நாலு சோதனை.

ட்ராக்கின் வடிதுளைகளை டேப் ஒட்டி அடைத்து, ட்ராக் நிறையத் தண்ணீர் ஊற்றி 15 நிமிடம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் கீழ்நிலையின் மூலை இணைப்பு விட்டிருக்கிறது. பிறகு டேப்பை எடுத்து, தண்ணீர் எவ்வளவு விரைவாக, எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

ஒரு தாள் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். எளிதாக வந்துவிடும் இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை. கீல்களைச் சரிசெய்தால் போதும், ரப்பரை மாற்றத் தேவையில்லை.

காற்றுள்ள நாளில் உள் ஓரமாக ஊதுபத்தியை மெல்ல நகர்த்துங்கள். புகை ஆடும் இடத்தைச் சாக்குக்கட்டியால் குறித்து வையுங்கள்.

கடைசியாக ஹோஸ். முனையை ஒரு அடி தூரத்தில் பிடித்து, கீழிருந்து தொடங்கி மேலே போங்கள். ஒன்றரை மீட்டர் இணைப்புக்கு ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழிந்த தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து, ஒழுகும் இடம் எதுவென்று தெரியாமல் போகும். இந்த நேரத்தில் மற்றக் கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிடுங்கள். உள்ளே அழுத்தம் சற்றுக் குறையும். காற்றில்லாத நாளில் மறைந்து கிடக்கும் கசிவு அப்போது வெளிப்படும்.

"அண்ணாச்சி, மழை வரட்டும், அப்ப பாத்துக்கிடுவோம்" என்று பொருத்த வந்தவர் சொன்னால் விட்டுவிடாதீர்கள். மழை வரும்போது அவர் வேறு ஊரில் வேலையில் இருப்பார்.

எட்டாம் படி: வைகாசி முடியுமுன்

ஆண்டுக்கு ஒருமுறை, சாரல் தொடங்க இரண்டு வாரம் முன்பு, அரைநாள் ஒதுக்குங்கள். ட்ராக்கில் கிடக்கும் மண், வேப்பஞ்சருகு, செத்த பூச்சி எல்லாவற்றையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வழித்தெடுங்கள். வடிதுளைக்குள் எறும்பு கூடு வைத்திருக்கும். மெல்லிய கம்பி விட்டுத் திறந்து, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அது வெளியே வருவதைக் கண்ணால் பாருங்கள். ரப்பரை ஈரத்துணியால் துடைத்துச் சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கலாம். தேங்காயெண்ணெயும் கிரீஸும் வேண்டாம், ரப்பர் ஊறிப் பெருத்துவிடும், தூசியும் ஒட்டும். கீல் ஸ்க்ரூக்களை ஒரு சுற்று இறுக்குங்கள். ஆடி முடிந்ததும் இன்னொருமுறை ட்ராக்கை மட்டும் கழுவிவிட்டால் ஐப்பசி மழைக்குக் கதவு தயார்.

கதவு வாங்கும் அன்றே அந்த அமைப்பின் பெயர், சட்டத்தின் குறுக்குவெட்டுப் படம், ரப்பரின் வகை எண் மூன்றையும் எழுதி வாங்கி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். எட்டு பத்து ஆண்டில் ரப்பர் விறைத்துவிடும். அப்போது தென்காசியிலோ புனலூரிலோ கடையில் போய் "இதே மாதிரி குடுங்க" என்று ஒரு துண்டைக் காட்டினால் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஏதோ ஒன்றைத்தான் கொடுப்பார்கள். இரண்டு பேனலுக்குப் போதுமான உள் ரப்பரைக் கூடுதலாக இப்போதே வாங்கி, வெயில் படாத பரணில் சுருட்டி வைத்துவிடுங்கள்.